பத்தாவது துண்டு

கமீசாவுக்குக் காலையிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மறுநாள் இரவு பஸ்கா பண்டிகை தொடங்குகிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கி எடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்த மாவையும் ரவையையும் அடுத்த தெரு மபரூக்கா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். முஸ்லிம் வீட்டில் மாவு தாராளமாக இருக்கலாம். யூதர் வீட்டில் இனி எட்டு நாளைக்குப் புளிப்பு, அதாவது புளித்த அப்பத்தின் பொடிகூட இருக்கக் கூடாது. ஜெர்பாத் தீவில், பெரிய ஹாரா என்கிற யூதர் குடியிருப்பில், இந்த விஷயத்தில் விளையாட்டே கிடையாது. வேலையெல்லாம் முடிந்த பிறகும் உட்கார முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் வேலை இல்லை, பெற்ற பெண்.

கஸாலாவுக்கு இருபத்திரண்டு வயது. மின்சார வேலை பார்க்கிற ஃப்ராஜியைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாய் தகப்பன் இல்லாமல் அத்தை வீட்டில் வளர்ந்தவன். கை சுத்தம், வாய் சுத்தம். அந்த வாய் சுத்தம்தான் வினையாகப் போயிற்று.

பெண் கேட்டு வந்த அன்று கமீசாவின் புருஷன் சாசி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சாசி கடைவீதியில் வெள்ளி வேலை செய்கிறவர். விடிகாலையில் வேதச் சட்ட நூலைப் பிரித்து ஒரு பக்கமாவது படிக்காமல் பட்டறைப் பக்கம் போகமாட்டார்.

"ஆண்டவர் இருக்கார்னு நம்புறியா?"

ஊரில் வேறு எந்தப் பையனாக இருந்தாலும் "பின்னே என்ன?" என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டிருப்பான். இந்த மகாராஜன் உட்கார்ந்து யோசித்தான்.

"தெரியல மாமா. தேடித்தான் பாத்தேன். அவர் ஒளிஞ்சிருக்கார். ஒளிஞ்சிருக்கிறவரை இருக்காருன்னு நான் எப்படி அடிச்சுச் சொல்றது?"

"அடேய், மின்சாரத்தைக் கண்ணால பாத்திருக்கியா நீ?"

"பாத்ததில்ல மாமா. ஆனா தொட்டா அடிக்குது. அவரும் ஒரு தடவை அடிச்சுக் காட்டட்டும், நம்பிடறேன்."

திரைக்குப் பின்னால் நின்றிருந்த கமீசா சிரிப்பை அடக்க முக்காட்டு முனையைக் கடித்துக்கொண்டாள். சாசி சிரிக்கவில்லை. பஸ்காவுக்குள் வந்து 'நம்புறேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் துனிஸ்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்று முடித்துவிட்டார்.

அந்தத் துனிஸ்காரர்கள் துணி வியாபாரிகள். பஸ்கா விடுமுறையில் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அடுத்த வருஷம் பாரிஸுக்கே குடிபோகப் போகிறார்களாம். கமீசாவுக்கு அதைக் கேட்டதும் பகீரென்றது. மூத்த மகன் ஏற்கனவே மார்செய்க்குப் போய்த் தொலைபேசியில் குரலாகிவிட்டான். இருக்கிற ஒன்றையும் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டு இந்த வீட்டில் அவள் யாரோடு சண்டை போடுவாள்? சாசியோடு போட்டு ஒரு சுவாரஸ்யமும் கிடையாது. பாதியிலேயே தூங்கிவிடுவார்.

கஸாலா ஃப்ராஜியிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். "ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்" என்றாளாம். அதற்கு அவன், "அந்தப் பொய்யைச் சொல்லி உன்னைக் கட்டிக்கிட்டா, அப்புறம் நான் உன்கிட்ட சொல்ற எந்த வார்த்தையை நீ நம்புவே?" என்று கேட்டிருக்கிறான். அம்மாவிடம் வந்து இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகையோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததைக் கமீசா கவனிக்காமல் இல்லை.

இந்த நேரம் பார்த்துச் சாசிக்குக் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். மற்ற கண்ணிலும் புரை முற்றி, எதிரில் நிற்பது கமீசாவா தண்ணீர்ப் பானையா என்று தெரியாத நிலை. குனியக் கூடாது, புகை படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இன்று இருட்டியதும் வீடு முழுக்க மெழுகுவர்த்தி பிடித்துக் குனிந்து குனிந்து புளிப்பைத் தேட வேண்டுமே! வீட்டுத் தலைவன் செய்ய வேண்டிய காரியம். கமீசாவின் மூளை அங்கேதான் வேலை செய்தது. ஃப்ராஜியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஊர்ல வேற ஆம்பளையே கெடைக்கலையா உனக்கு?" என்று சாசி எகிறினார்.

"இருட்டின உடனே ஊர்ல இருக்கிற அத்தனை ஆம்பளையும் அவனவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருப்பான். உங்க வீட்டுக்கு எவன் வருவான்? இவனுக்குத்தான் சொந்தமா வீடு இல்ல."

"நீயே தேடேன்."

"ஒளிச்சு வச்சவளே தேடினா அதுக்குப் பேரு தேடறதா?"

வீட்டைத்தான் ஏற்கனவே துடைத்துக் கழுவியாயிற்றே, தேடுகிறவன் வெறுங்கையோடு திரும்பினால் தேடுமுன் சொன்ன ஆசீர்வாதம் வீணாகிவிடுமே என்று, பத்துத் துண்டு அப்பத்தைக் காகிதத்தில் மடித்து அங்கங்கே ஒளித்து வைப்பது வழக்கம். வருஷா வருஷம் வைப்பது கமீசா, எடுப்பது சாசி. இந்த வருஷம் பையனுக்கு நல்ல பெயர் கிடைக்க வேண்டும் என்று அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். தையல் மெஷின் மேல் ஒன்று, வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, எண்ணெய்ச் சாடி மூடியில் ஒன்று, இப்படி. நடுவில் "கமீசா, சொட்டு மருந்து!" என்று ஒரு குரல். "கமீசா, என் செருப்பு எங்க?" என்று இன்னொரு குரல். கண்ணைக் கட்டிப் போட்ட ஆண்பிள்ளைக்குப் பச்சைக் குழந்தை தேவலை. அவள் கையில் துண்டோடு ஓடினாள், வந்தாள், மறுபடி ஓடினாள்.

இருட்டியதும் ஃப்ராஜி வந்தான். வேலைக்குக் கொண்டுபோகிற டார்ச் விளக்கு இடுப்பில் தொங்கியது.

"அதைக் கழட்டி அங்க வை" என்றார் சாசி. "மெழுகுவர்த்திதான். ஆசீர்வாதத்தை நான் சொல்றேன். நம்பாத வாய்க்கு அந்த வேலை வேண்டாம். நீ தேடு, போதும்."

"சரி மாமா."

"மாமான்னு இன்னும் ஆகல."

"சரிங்க."

சாசி ஆசீர்வாதத்தைச் சொன்னார். அதன் பிறகு தேடல் முடிகிறவரை அதைப் பற்றித் தவிர வேறு பேச்சுப் பேசக் கூடாது. குத்தலாகப் பேச நாலைந்து வார்த்தை தயாராக வைத்திருந்த மனுஷர், அவற்றை வாயிலேயே அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கமீசா இந்தச் சட்டத்தை ஏற்படுத்திய பெரியோர்களை மனதாரக் கும்பிட்டாள்.

ஃப்ராஜி ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் பொடியைக் கூட்டி எடுக்கக் கோழி இறகோடு தொடங்கினான். கமீசா நினைத்ததுபோல் துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு அவன் ஓடவில்லை. மூலை மூலையாகப் பார்த்தான். கட்டிலை நகர்த்தினான். அலமாரியில் தொங்கிய சட்டைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்த்தான். சாசியின் மேல்கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட் தூள் ஒரு பிடி கொட்டியது. சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த காலத்து பிஸ்கட். கமீசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். கண் தெரியாவிட்டாலும் தூள் கொட்டிய சத்தத்தில் அவர் காது மடல் சிவந்தது. பேசக் கூடாது என்ற சட்டம் இப்போது அவரைக் காப்பாற்றியது.

துண்டுகள் ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குள் விழுந்தன. ஒன்பது ஆயிற்று. பத்தாவது வரவில்லை.

ஃப்ராஜி மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்கினான். கமீசாவுக்கு முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. கண் இருந்தும் குருடா இவன், மூக்குக்கு நேரே வைத்ததை எடுக்கத் தெரியவில்லையே என்று பல்லைக் கடித்தாள். கண்ணால் ஜாடை காட்டி உதவலாம் என்று பார்த்தால், எங்கே ஜாடை காட்டுவது? பத்தாவதை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. சொட்டு மருந்துக்கு ஓடியபோது கையில் இருந்தது. செருப்பு தேடியபோது? இருந்ததோ, இல்லையோ. அதற்கு மேல் ஒன்றும் எழவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் தானேதான் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாம் சுற்றோடு தேடலும் முடிந்தது. பையனின் முழங்காலெல்லாம் சுண்ணாம்பு, விரலெல்லாம் மெழுகு. கமீசா அவனைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காதில் கிசுகிசுத்தாள்.

"அத்தை சொல்றேன், கேளு. பையில இருக்கிற ஒரு துண்டை ரெண்டாப் பிச்சுட்டுப் பத்துன்னு சொல்லிடு. அவருக்கா தெரியப்போவுது?"

"கெடைக்கலையே அத்தை."

"கெடைக்கலைன்னா அவர் என்ன சொல்லுவாரு தெரியுமா? நம்பிக்கை இல்லாத கை, அதான் அகப்படலேன்னுவாரு. பொண்ணு துனிஸுக்குப் போயிடும்டா!"

ஃப்ராஜியின் முகம் வாடிப்போயிற்று. சமையலறைக் கதவிடுக்கில் கஸாலாவின் கண் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டும் தலையை ஆட்டினான்.

"கெடைச்சது ஒன்பதுதான் அத்தை. நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்ல வேண்டாம்" என்று கூடத்திலிருந்து சாசியின் குரல் வந்தது. "கண்ணுலதான் கட்டு. காதுல இல்ல."

கமீசாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. போக முடியாததால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். சாசி கோபமாக இருப்பார் என்று பார்த்தால், மனுஷர் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"கமீசா, நீ ஒன்பதுதான் வச்சிருப்பே" என்றார்.

"பத்து வச்சேன்."

"எங்க வச்சே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நின்னு முழிக்கிறேன்?"

"வச்சவளுக்கே இடம் தெரியல. ரெண்டு தடவை தேடியும் அகப்படல. அப்ப இல்லேன்னுதானே அர்த்தம்? எனக்குத் தெரிஞ்சு ஒன்பதுதான்."

"மாமா, பத்து இருக்கு" என்றான் ஃப்ராஜி.

"நீ பாத்தியா?"

"பாக்கல. அத்தை சொல்றாங்களே."

சாசி நாற்காலியில் நிமிர்ந்தார். ஒரு மாதமாகக் காத்திருந்தவர் அவர். "ஆகா! வசமா மாட்டினியா? பாக்காததை நம்புவேன்னு இப்ப உன் வாயாலயே சொல்லிட்டே!"

"அத்தை என் முன்னாடி நின்னு வாயைத் திறந்து சொல்றாங்க மாமா. ஆண்டவரும் ஒரு நாள் இப்படி வந்து நின்னு, 'நான் இருக்கேன்டா, எந்த மூலைன்னு மட்டும் கேக்காதே'ன்னு சொன்னா எனக்கு அதுவே போதும். காட்டக்கூட வேண்டாம்."

"வேதத்துல சொல்லியிருக்காரே!"

"அவர் சொன்னதா நீங்க சொல்றீங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அவர் சொன்னாராங்கறதுதான் தெரியல."

சாசி வாயைத் திறந்தார். அதற்குள் கமீசாவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பெண் போகப்போகிறாளே என்ற பயம், தன் மறதியின் மேல் வந்த எரிச்சல், பிஸ்கட் தூள், எல்லாமாகச் சேர்ந்துகொண்டது.

"போதும் நிறுத்துங்க! முப்பது வருஷமா உங்களுக்கு ஆக்கிப் போட்ட கை இது. இந்தக் கையால பத்து வச்சேங்கறேன், ஒன்பதுன்னு அடிச்சுச் சாதிக்கிறீங்க. கண்ணுக்குத் தெரியலேன்னா இல்லவே இல்லையாம்! அதையே இந்தப் பையன் சொன்னான்னு ஒரு மாசமா அவனைப் படாதபாடு படுத்தினீங்களே, அது மட்டும் நியாயமா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? அடியே, அவரு ஆண்டவருடி!"

"ஆண்டவர்னா இன்னும் நல்லாவே நியாயம் தெரிஞ்சிருக்கணும்! இங்க பாருங்க. ஒளிச்சு வச்சவ நான். எங்கேன்னு சொல்லாம விட்டவளும் நான். முட்டி தேயத் தேடினவன் இவன். கெடைக்கலேன்னா தப்பு யாரு பேர்ல? எனக்கும் முதல்ல இவன் மேலதான் கோபம் வந்துச்சு. அப்புறம் வெக்கமாப் போச்சு. ஒளிச்சு வச்சுட்டு, அகப்படலேன்னு தேடினவனைத் திட்டறதா? எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே இது தெரியுது. ஆண்டவருக்கு என்னளவுக்குக்கூடவா நியாயம் தெரியாது?"

கமீசாவுக்குத் தான் பேசியதைத் தன் காதாலேயே கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. பஸ்கா நெருங்குகிற நேரத்தில் ஆண்டவரைப் பற்றி இப்படிப் பேசலாமா? உதட்டை விரலால் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சாசி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் அப்படித் தாடியைத் தடவினால் சட்ட நூலில் ஏதோ பக்கத்தைப் புரட்டுகிறார் என்று அர்த்தம்.

"தேடி முடிச்சாச்சு" என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "அகப்படாததுக்கும் பெரியவங்க ஒரு வழி வச்சிருக்காங்க." அவர் எழுந்து நின்று, வருஷா வருஷம் சொல்கிற வாசகத்தைத் தொடங்கினார். "என் கைவசம் இருக்கும் புளிப்பு எல்லாம், நான் காணாதது..."

அங்கேயே நின்றுவிட்டார். வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுக் கை கழுவப் போகிற மனுஷர்.

"நான் காணாதது" என்றார் மறுபடி, மெதுவாக. "நான் அகற்றாதது. எனக்குத் தெரியாதது. அதெல்லாம் இல்லாததாகி, மண்ணின் தூசிபோல ஆகட்டும்."

மெல்ல உட்கார்ந்தார். "தேடுன்னுதான் கட்டளை. கண்டுபிடின்னு இல்ல. தேடினவன் காணாததை அவன் கணக்குல எழுதக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் இந்த வாசகத்தை வச்சிருக்காங்க. இத்தனை வருஷம் வாய் சொல்லுச்சு, நான் கேக்கவே இல்ல."

சாசி கமீசா நிற்கிற பக்கமாக, கிட்டத்தட்ட அவள் நிற்கிற பக்கமாக, முகத்தைத் திருப்பினார்.

"கமீசா, நீ பத்துதான் வச்சே. நம்புறேன்."

"பாக்காமலேயா மாமா?" என்று ஃப்ராஜி கேட்டுவிட்டான். குறும்பாகக் கேட்கவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"நீ பேசாம இரு. முப்பது வருஷம் இவகூட இருந்திருக்கேன். இவ கோபம் தெரியும், இவ மறதி தெரியும், பொய் சொன்னா இவ குரல் எப்படி இருக்கும்னும் தெரியும். இப்ப உன்னை உள்ள கூட்டிட்டுப் போய்க் கிசுகிசுத்தாளே, அந்தக் குரல் அது. பத்து வச்சேன்னு சொன்னது வேற குரல். அகப்படாட்டி என்ன? கூட இருந்தவனுக்குத் தெரியும்."

ஃப்ராஜி இறகைக் கீழே வைத்தான். மெழுகு ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நாற்காலிக்கு முன்னால் போய், அந்தச் சுண்ணாம்பு முழங்காலை மறுபடி தரையில் ஊன்றி உட்கார்ந்தான்.

"அப்ப எனக்கும் அந்த முப்பது வருஷத்தைக் குடுங்க மாமா. இந்த வீட்டுல, உங்ககூட உக்காந்து, நானும் அவர்கூட இருந்து பாக்கறேன். இன்னிக்கே குரல் தெரியுமான்னு கேட்டா எனக்குத் தெரியலேன்னுதான் சொல்ல முடியும்."

சாசியின் கை அவன் தலையைத் தேடிக் காற்றில் அலைந்து, முதலில் தோளைத் தொட்டு, பிறகு தலைமேல் போய் உட்கார்ந்தது. அவர் உதடு துடித்தது. அழுகையாக இருக்குமோ என்று கமீசா ஓரடி முன்னால் வந்தாள். சிரிப்பு.

"பாத்தியாடி இவன் சாமர்த்தியத்தை? பொண்ணையும் குடுக்கணுமாம், கூடவே முப்பது வருஷமும் குடுக்கணுமாம்!"

"குடுத்துடுங்க" என்றாள் கமீசா. "நமக்கு வேற என்ன வேலை?"

"துனிஸுக்கு நீயே பேசிடு. எனக்கு அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வராது."

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கஸாலா வெளியே வந்து, யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்று, கடைசியில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கண்ணு, கண்ணு, பாத்து!" என்று கத்தினார் சாசி. கமீசா அத்திப்பழச் சாராயப் புட்டியை எடுக்க உள்ளே ஓடினாள். அதில் புளிப்பு கிடையாது, பஸ்காவுக்கும் குடிக்கலாம். நாலு கிண்ணத்தில் ஊற்றினாள். கொஞ்சம் மேசையிலும் சிந்தியது. அவள் துடைக்கவில்லை. கூடத்தில் அவள் புருஷனும் மருமகனும் அதற்குள் அடுத்த வாக்குவாதத்தைத் தொடங்கியிருந்தார்கள். துனிஸும் பாரிஸும் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தன. அந்த இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டே அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.